சேற்றுக்கு எத்தனை சொற்கள்? ராபர்ட் மெக்ஃபார்லேனின் 'லேண்ட்மார்க்ஸ்' நூலை முன்வைத்து

ராபர்ட் மெக்ஃபார்லேன் (பிறப்பு: 1976) இங்கிலாந்தின் இயற்கை எழுத்தாளர். கேம்பிரிட்ஜில் உள்ள இம்மானுவேல் கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவர். அவருடைய 'லேண்ட்மார்க்ஸ்' 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரிட்டன், அயர்லாந்து தீவுகளில் நிலம், நீர், வானிலை, மண் ஆகியவற்றைக் குறிக்க மக்கள் வழங்கிய வட்டாரச் சொற்களைத் திரட்டித் தரும் நூல் இது.  இக்கட்டுரை நூல் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சேறு, சதுப்பு, ஈரநிலம் பற்றிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, நூலின் மையக் கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கிறது.

நூலின் அமைப்பும் வாதமும்

நூலில் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று, நிலத்தைப் பற்றி நுட்பமாக எழுதியவர்களைக் குறித்த கட்டுரைகள். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைகளைப் பற்றி 'தி லிவிங் மவுண்டன்' எழுதிய நான் ஷெப்பர்ட், எசெக்ஸ் பகுதியின் வல்லூறுகளைப் பின்தொடர்ந்து 'தி பெரிகிரின்' (1967) எழுதிய ஜே. ஏ. பேக்கர், பிரிட்டனின் ஆறுகளிலும் குளங்களிலும் நீந்திச் சென்று 'வாட்டர்லாக்' (1999) எழுதிய ரோஜர் டீக்கின் ஆகியோர் அவர்களுள் சிலர். இன்னொன்று, கட்டுரைகளுக்கு இடையே வரும் சொல்தொகுதிகள். சமவெளி, மேட்டுநிலம், நீர்நிலம், கடலோரம், மண், காடு என்று வகைபிரித்துச் சொற்களும் அவை வழங்கும் வட்டாரமும் பொருளும் தரப்பட்டுள்ளன.

மெக்ஃபார்லேனின் வாதம் எளிமையானது. ஒரு பொருளுக்குப் பெயர் இல்லாமல் போனால் அது நம் கண்ணில் படாமல் போகும். கண்ணில் படாததை அழிப்பது எளிது. இதற்கு அவர் காட்டும் சான்று 'ஆக்ஸ்ஃபோர்ட் ஜூனியர் டிக்‌ஷனரி'. ஏழு வயதுக் குழந்தைகளுக்கான இந்த அகராதியின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் கருவாலிக் கொட்டை, மீன்கொத்தி, நாரை, நீர்நாய், வில்லோ மரம், மேய்ச்சல் நிலம் போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்கள் நீக்கப்பட்டன. பிளாக், பிராட்பேண்ட், சாட்ரூம், வாய்ஸ்மெயில் போன்றவை சேர்க்கப்பட்டன. இன்றைய குழந்தைகளின் வாழ்க்கையில் எது இருக்கிறதோ அதைத்தான் அகராதி காட்ட முடியும் என்பது பதிப்பகத்தின் விளக்கம். 2015 ஜனவரியில் மார்கரெட் ஆட்வுட், மெக்ஃபார்லேன் உள்ளிட்ட 28 எழுத்தாளர்கள் இதை எதிர்த்துப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினர். ஓவியர் ஜாக்கி மோரிசுடன் சேர்ந்து மெக்ஃபார்லேன் 2017இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் வேர்ட்ஸ்' இந்த விவாதத்திலிருந்து பிறந்த நூல்.

இந்த வாதத்தைச் சோதிக்க ஈரநிலம் நல்ல இடம். ஏனென்றால் ஈரநிலத்துக்கு ஆங்கிலத்தில் சொல் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆயினும் அங்கே அழிக்கப்பட்ட நிலங்களில் ஈரநிலமே முன்வரிசையில் நிற்கிறது.

ஒரே சொல்லாகத் தெரியும் நான்கு சொற்கள்

நம் மாணவர் கையில் இருக்கும் ஆங்கில–தமிழ் அகராதிகளில் போக், ஃபென், மார்ஷ், ஸ்வாம்ப் ஆகிய நான்குக்கும் பெரும்பாலும் 'சதுப்பு நிலம்' என்றே பொருள் இருக்கும். ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் நானும் அப்படித்தான் எழுதிப்போடக் கண்டிருக்கிறேன். தேர்வுக்கு அது போதும். ஆனால் இவை நான்கும் நான்கு வேறு நிலங்கள்.

போக் என்பது மழைநீரை மட்டும் நம்பி வாழும் நிலம். மழைநீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. ஆதலால் அங்கே அமிலத்தன்மை மிகுதி. ஸ்பேக்னம் எனப்படும் பாசியே செழிக்கும். இறந்த பாசி முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து 'பீட்' என்னும் கரிய மண்ணாகிறது. ஃபென் என்பதிலும் பீட் உண்டு. ஆனால் அதற்கு நிலத்தடி நீரும் ஓடிவரும் நீரும் வந்து சேரும். அந்த நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் நாணலும் கோரையும் பலவகைப் பூஞ்செடிகளும் வளரும். மார்ஷ் பெரும்பாலும் வண்டலும் களிமண்ணுமான தரையில் புல்லும் நாணலும் நிற்கும் இடம். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் காணப்படும். ஸ்வாம்ப் என்றால் மரங்கள் நீரில் நிற்கும் நிலம் என்பது அமெரிக்க வழக்கு. வர்ஜினியாவில் குடியேறிய ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவற்றில்தான் இச்சொல் முதலில் தென்படுகிறது. வில்லோவும் ஆல்டரும் வளர்ந்த ஈரக்காட்டுக்கு இங்கிலாந்தில் 'கார்' என்ற தனிச்சொல்லே உண்டு.

சொற்களின் பிறப்பும் ஒன்றல்ல. போக், 'மென்மையான' என்று பொருள்படும் ஐரிஷ், கேலிக் சொல்லிலிருந்து வந்தது. ஃபென், மார்ஷ் இரண்டும் பழைய ஆங்கிலம். மயர் என்பது ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்தது. வட ஸ்காட்லாந்தின் பெரும் சதுப்புப் பரப்பான 'ஃப்ளோ கண்ட்ரி'யின் பெயரில் உள்ள 'ஃப்ளோ'வை 'ஓடுதல்' என்று எண்ணிவிடுவோம். அது ஈரநிலத்தைக் குறிக்கும் பழைய நோர்ஸ் சொல். யார் யார் வந்து அந்த நிலத்தில் கால் புதைத்தார்கள் என்பதைச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

சசெக்ஸ் மாவட்டத்துச் சேறு

ஈரநிலச் சொற்களைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடும் இடம் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ். சேற்றுக்கு அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு என்பார்கள். செல்மெஸ்டன் என்ற சிற்றூரின் பாதிரியார் வில்லியம் டக்ளஸ் பாரிஷ் 1875இல் வெளியிட்ட சசெக்ஸ் வட்டார வழக்கு அகராதியும் பின்வந்த தொகுப்புகளும் இவற்றைப் பதிவுசெய்துள்ளன. சில எடுத்துக்காட்டுகள்:

கிளாட்ஜி: பெருமழைக்குப் பின் வயல்வழி இருப்பதுபோன்ற, காலில் அப்பும் ஈரம்.
கப்பர்: இலைதழை அழுகிக் கறுத்த சேறு.
பக்: ஒட்டும் தன்மையுள்ள மஞ்சள் களி.
ஸ்மியரி: மேற்பரப்பு மட்டும் நனைந்து வழுக்கும் நிலை.
ஸ்டாட்ஜ்: களிபோல் கெட்டியான சேறு.
ஸ்லீச்: வயலுக்கு உரமாக அள்ளிப் போடும் ஆற்று வண்டல்.
ஸ்டோச்: மாடுகள் ஈரநிலத்தை மிதித்துத் துவைப்பது.

இவ்வளவு சொற்கள் ஏன்? அந்த மாவட்டத்தின் உட்பகுதியான வீல்டு, கனத்த களிமண் பூமி. மழைக்காலத்தில் அதன் சாலைகள் பேர்பெற்றவை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பயணம் செய்த டேனியல் டெஃபோ, லூயிஸ் நகருக்கு அருகே ஒரு செல்வப் பெண்மணியின் வண்டியை ஆறு எருதுகள் பூட்டித் தேவாலயத்துக்கு இழுத்துச் சென்றதைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். குதிரைகளால் அந்தச் சேற்றில் இழுக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஊரில் வண்டியோட்டிக்கும் உழவனுக்கும் 'சேறு' என்ற ஒற்றைச் சொல் எதற்கு உதவும்? எந்தச் சேற்றில் வண்டி போகும், எதில் அச்சு இறங்கும், எதை அள்ளி வயலில் போடலாம் என்பதல்லவா அவனுக்குத் தெரிய வேண்டும்.

இங்கே எண்ணிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. மேலுள்ள சொற்களில் சில பெயர்ச்சொற்கள், சில பெயரடைகள், ஒன்று வினை. இத்தகைய பட்டியல்களில் 'ஸ்லாப்', 'ஸ்லப்' போன்று ஒரே சொல்லின் ஒலிமாற்றங்களும் தனித்தனியே எண்ணப்படுவதுண்டு. எஸ்கிமோக்களுக்குப் பனியைக் குறிக்க நூற்றுக்கணக்கான சொற்கள் என்று பரவிய கதை நமக்குத் தெரியும். 1911இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டாகச் சொன்னவை நான்கே நான்கு. சொல்லச் சொல்லப் பெருகியது எண்ணிக்கை. சேற்றுச் சொற்களும் அப்படி வியப்புக்குரிய வேடிக்கையாகிவிடக் கூடாது. எத்தனை என்பதைவிட எதற்கு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை லேண்ட்மார்க்ஸ் போதிய அளவு கேட்கவில்லை என்பதே என் முதல் குறை. நூலைப் படித்தவர்கள் மறவாமல் எடுத்துச் சொல்லும் சொற்கள் அழகானவை: உருகிய பனி மீண்டும் உறைந்து இலைகளின் மேல் மினுங்கும் மெல்லிய படலத்துக்கான டெவன் சொல், சிறு விலங்குகள் போய்ப்போய் வேலியடியில் உண்டான இடைவெளிக்கான சசெக்ஸ் சொல், மேட்டுநிலத்தின் மேல் ஓடும் மேகநிழலுக்கான கேலிக் சொல். உரத்துக்கு அள்ளும் வண்டல் அந்த வரிசையில் நினைவுக்கு வருவதில்லை. சொற்களை உண்டாக்கியவர்கள் வேலைக்காரர்கள், ரசிப்பவர்கள் நடைப்பயணிகள். இந்த இடைவெளியை ஸ்காட்லாந்துக் கவிஞர் கேத்லீன் ஜேமி 2008இலேயே, மெக்ஃபார்லேனின் முந்தைய நூலான 'தி வைல்ட் பிளேசஸ்' குறித்த மதிப்புரையில் சுட்டிக்காட்டினார். மக்கள் வாழ்ந்து உழைத்த நிலத்தை வெளியிலிருந்து தனியே வந்து வியக்கும் மனிதனின் பார்வை அந்நூலில் மிகுந்திருக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். லேண்ட்மார்க்ஸ் அந்தக் குறையைப் பெருமளவு களைந்திருக்கிறது. முழுவதும் களையவில்லை.

வசையாக மாறிய சொற்கள்

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. சொல் இல்லாமல் போவதால் நிலம் அழிகிறது என்கிறது நூல். ஆனால் ஈரநிலத்தின் வரலாற்றில், இருந்த சொற்களே நிலத்துக்குப் பகையாயின.

பொது ஆங்கிலத்தில் ஈரநிலச் சொற்களின் நிலையைப் பாருங்கள். ஒரு வேலை முன்னேறாமல் சிக்கிக்கொண்டால் அது 'போக்'கில் மாட்டியது. கடன், வழக்கு, ஊழல் ஆகியவற்றில் சிக்கினால் 'மயர்'. வேலை தலைக்குமேல் குவிந்தால் 'ஸ்வாம்ப்'. ஊழல் அரசைத் துப்புரவாக்குவேன் என்று அமெரிக்க அரசியல்வாதி சொல்லும்போது சதுப்பின் நீரை வடிப்பேன் என்கிறார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புராகிரஸ்' நூலில் பயணி முதலில் விழுவது நம்பிக்கையின்மை என்னும் சேற்றுக்குழியில். தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இந்நூலைத் தழுவியதே என்பதை மாணவர் அறிவர். டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' லண்டன் தெருச் சேற்றிலும் மூடுபனியிலும் தொடங்குகிறது. அங்கே சேறு, நீதிமன்றத்தின் குழப்பத்துக்குக் குறியீடு.

இது ஆங்கிலேயரின் குணம் மட்டும் அன்று. திருக்குறளில் 'அளறு' என்ற சொல் நரகத்தைக் குறிக்கிறது. அதன் நேர்ப்பொருள் சேறு. கால் புதையும் நிலத்தைக் கண்டு மனிதன் அஞ்சுவது இயல்பு. ஆனால் உழவர் வாயில் சேறு வசையாகவில்லை. நாற்று நடச் சேறு வேண்டும். சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்கலாம் என்பதும் நம் வழக்குத்தான்.

வசைச்சொல் வெறும் சொல்லாக நிற்பதில்லை. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் பரப்பை வடிக்கும் பணி 1630களில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்முய்டனின் மேற்பார்வையில் பெருமளவில் தொடங்கியது. பயனற்ற, நோய் பரப்பும் நிலத்தை நன்னிலமாக்குவதே நோக்கம் என்றார்கள். அந்த நிலத்தில் மீன்பிடித்தும் நாணல் அறுத்தும் நீர்ப்பறவை வேட்டையாடியும் வாழ்ந்தவர்களுக்கு அது பயனற்ற நிலம் அன்று. அவர்கள் எதிர்த்தார்கள்; கரைகளை உடைத்தார்கள்; தோற்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரியும் வடிக்கப்பட்டது. அதற்கு அருகே ஹோம் ஃபென்னில் தரைமட்டம் வரை இறக்கி நட்ட இரும்புத் தூண் இன்று தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரம் நிற்கிறது. தூண் எழும்பவில்லை. நீர் வடிந்த பீட் சுருங்கியது, காற்றுப்பட்டு மட்கியது, அதிலிருந்த கரிமம் வாயுவாகிப் போயிற்று, நிலம் தாழ்ந்தது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளையும்விட அதிகக் கரிமத்தைத் தேக்கி வைத்திருப்பவை என்பதை இன்று அறிவோம். 'ஃபென்' என்ற சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சொல் குறித்த நிலத்தில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியது. அதில் ஒன்றான விக்கன் ஃபென்னை நேஷனல் டிரஸ்ட் 1899 முதல் வாங்கிப் பாதுகாத்து வருகிறது.

லூயிஸ் தீவில் காத்தது எது?

நூலின் வாதத்துக்குத் தூணாக நிற்பது ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள லூயிஸ் தீவு. (மேலே சொன்ன சசெக்ஸின் லூயிஸ் நகர் வேறு.) அத்தீவின் நடுவே பரந்திருக்கும் பீட் மேட்டுநிலத்தில் மாபெரும் காற்றாலைத் திட்டம் ஒன்று முன்மொழியப்பட்டது. முதலில் 234 காற்றாலைகள், பிறகு 181. ஆதரித்தவர்கள் பலர் அந்நிலத்தை வெறும் பொட்டல் என்று வருணித்தனர். ஊர்மக்களான ஃபின்லே மெக்லியோடும் நண்பர்களும் அந்த மேட்டுநிலத்துக்குரிய கேலிக் சொற்களைத் தொகுத்தனர். மூன்று சிற்றூர்களில் மட்டுமே 120க்கும் மேற்பட்ட சொற்கள் கிடைத்தன. புல்லுக்குள் மறைந்து ஓடும் மெல்லிய ஓடைக்கு ஒரு சொல். மேட்டு ஏரியிலிருந்து கிளம்பும் சிற்றோடைக்கு இன்னொன்று. ஆழத்தில் வெட்டியெடுக்கும் கரிய, கனத்த பீட்டுக்கு வேறொன்று. பொட்டல் என்றவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை. இந்தப் பகுதிதான் நூலிலேயே சிறந்தது. இங்கே சொற்கள் அலமாரியில் அடுக்கப்படவில்லை, வழக்காடுகின்றன.

திட்டம் 2008 ஏப்ரலில் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்த ஸ்காட்லாந்து அரசு காட்டிய காரணம் மொழி அன்று. அந்நிலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே திட்டம் அச்சட்டத்துக்கு ஒவ்வாது என்பதே காரணம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு மனுக்களும் வந்திருந்தன. எனவே சொல்லகராதி நிலத்தைக் காத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. காத்தது சட்டம். சட்டத்தைத் துணைக்கு அழைக்கும் அளவுக்கு மக்களை ஒன்றுசேர்த்ததில் சொற்களுக்குப் பங்கு உண்டு. ஃபென் பகுதி மக்களிடமும் சொற்கள் இருந்தன. அவர்கள் பக்கம் சட்டம் இல்லை. லூயிஸ் மக்களிடம் இரண்டும் இருந்தன. இந்த ஒப்பீட்டை நூல் செய்திருந்தால் அதன் வாதம் இன்னும் உறுதியாகியிருக்கும்.

பட்டியலும் வாக்கியமும்

சொல் உயிரோடிருப்பது வாக்கியத்தில். இதற்கு நல்ல சான்று கவிஞர் ஜான் கிளேர் (1793–1864). ஃபென் பரப்பின் ஓரத்தில் உள்ள ஹெல்ப்ஸ்டன் ஊரைச் சேர்ந்த விவசாயக் கூலி அவர். சிறு நீர்க்குட்டைக்கு அவர் ஊரார் வழங்கிய 'பஜ்' போன்ற சொற்களைத் தயக்கமின்றிக் கவிதையில் வைத்தார். 1820இல் வந்த அவரது முதல் நூலின் பின்னே பதிப்பாளர் ஒரு சொற்பொருள் பட்டியலைச் சேர்த்தார். லண்டன் வாசகருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் கிளேரின் கவிதையைப் படிப்பவருக்கு அந்தக் குட்டை எங்கே இருக்கிறது, அதில் கால் வைப்பவர் யார் என்பது பட்டியலைப் பார்க்காமலே விளங்கும். ஐரிஷ் கவிஞர் சீமஸ் ஹீனி 1960களின் இறுதியிலிருந்து 'போக்' நிலத்தை, பழங்காலத்தை அழியாமல் வைத்திருக்கும் நினைவாகக் கண்டு எழுதினார். வசையாகத் திரிந்திருந்த ஒரு சொல்லுக்கு அவர் மதிப்பை மீட்டுத் தந்தார். அதற்கு அவர் புதுச்சொல் தேடவில்லை. பழைய சொல்லை வேறு வாக்கியத்தில் வைத்தார்.

மெக்ஃபார்லேனும் தம் கட்டுரைப் பகுதிகளில் இதைச் செய்கிறார். ஷெப்பர்டைப் பற்றியும் டீக்கினைப் பற்றியும் எழுதும்போது சொற்கள் நடக்கின்றன, நீந்துகின்றன. சொல்தொகுதிக்கு வந்ததும் ஆணியடித்த பட்டாம்பூச்சிகளாகிவிடுகின்றன. வட்டாரமும் பொருளும் இருக்கின்றன. சொன்னவர் யார், எந்த வேலையின் நடுவே சொன்னார் என்பது இல்லை.

மதிப்பீடு

குறைகளைச் சொன்னதால் நூலை ஒதுக்கிவிடக் கூடாது. சிதறிக் கிடந்த வட்டாரச் சொற்களைப் பொது வாசகரின் மேசைக்குக் கொண்டுவந்தது பெரும்பணி. 'தி லாஸ்ட் வேர்ட்ஸ்' நூலை ஸ்காட்லாந்தில் பொதுமக்களே நன்கொடை திரட்டிப் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு விமர்சகன் என்ன சொன்னாலும் இந்த வரவேற்பு பொய்யாகாது. சொல்லைப் பற்றிய ஏக்கம் உண்மையாக இருக்கிறது.

மாணவர்கள் இந்நூலைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லை யார் வழங்கினார்? எந்த வேலைக்கு? அது குறித்த நிலம் இன்று இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் விடை தேடினால் ஆங்கிலச் சொல்வளம் மனப்பாடமாக இல்லாமல் அறிவாகச் சேரும். மூன்றாவது கேள்வி மொழிப்பாடத்தைத் தாண்டியது. போக் வேறு, ஃபென் வேறு என்று அறிந்த ஒருவர், எல்லாவற்றையும் சேர்த்து 'வெறும் சகதி' என்று யாராவது கோப்பில் எழுதினால் கேள்வி கேட்பார். கேட்பவர் இருந்தால் சட்டத்துக்கும் வேலை இருக்கும்.